இர்ப்பாவின் தலை அளவு

குதிரையின் தலைக்கு அளவு கேட்டால் ஆட்கள் அதன் தாய் தகப்பன் பெயரைச் சொல்கிறார்கள் என்பதை, கடிவாளம் தைத்து விற்கத் தொடங்கிய முதல் மாதமே ஸ்டெய்ன்வோர் தெரிந்துகொண்டாள்.

அவள் அனுப்பும் தாளில் ஒரு குதிரைத் தலையின் படம் இருக்கும். நெற்றிக்குக் குறுக்கே ஒரு கோடு. மூக்கைச் சுற்றி ஒரு கோடு. வாயோரத்தில் தொடங்கி, காதுகளுக்குப் பின்னால் ஏறி, மறு வாயோரத்தில் இறங்கும் கோடு ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே ஒரு கட்டம், சென்டிமீட்டரில் எழுதுவதற்கு. ஒருத்தி அந்தக் கட்டங்களில் "சாதாரணம், சாதாரணம், சாதாரணம்" என்று எழுதி அனுப்பினாள். இன்னொருத்தி, "அவங்க அம்மா மாதிரியேதான், மூக்கு மட்டும் கொஞ்சம் நளினம்" என்று எழுதியிருந்தாள். கிழக்குக் கடற்கரைக்காரர் ஒருவர் மூன்று கட்டங்களிலும் மூன்று ஆண் பொலிகுதிரைகளின் பெயர்களை நிரப்பி, ஓரத்தில் அவை பரிசு வாங்கிய வருஷங்களையும் குறித்திருந்தார். ஸ்டெய்ன்வோர் அவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அளவு எங்கே?"

"அதான் எழுதியிருக்கேனே."

"அது பேரு. எனக்கு வேணும்கிறது நெத்தி."

"அந்த வம்சத்து நெத்தி உனக்குத் தெரியாதா? நீ வடக்குலதானே இருக்கே?"

வடக்கில்தான் இருந்தாள். ஸ்காகாஃபியோர்து என்னும் கடற்கழியின் கிழக்குக் கரையில், ஐஸ்லாந்திலேயே மனிதர்களைவிடக் குதிரைகள் அதிகம் என்று சொல்லப்படும் வட்டாரத்தில். வயது ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அறுபது பிள்ளைகளுக்கு மீன் உருண்டையும் உருளைக்கிழங்கும் செய்து போட்டுவிட்டு மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். கணவன் எய்விந்து அதே பள்ளியின் பேருந்தை ஓட்டினான். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. இரண்டு நடைக்கும் இடையில் அவனுக்கிருந்த வேலை, அடுக்களை மேசையில் உட்கார்ந்து மனைவி செய்வதற்கெல்லாம் ஒரு கருத்துச் சொல்வது.

அவளுடைய குதிரை இர்ப்பா செத்தது இதற்கெல்லாம் முந்தின நவம்பரில். பழுப்பு நிறப் பெண்குதிரை, இருபது வயது. குடல் முறுக்கிக்கொண்டது. காலையில் தரையில் புரண்டாள், மதியம் மருத்துவர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார், மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த பண்ணை ஆர்ன்கிரிம் தன் மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிவந்து சரிவில் குழி தோண்டினான். அந்த வீட்டில் குதிரைக்கறி தின்பார்கள். அன்றும் உறைபெட்டியில் உப்புக்கறி இருந்தது. அது வேறு, இது வேறு. இதை அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை.

பதின்மூன்று வருஷம் ஏறிப்போன குதிரை போன பிறகு ஸ்டெய்ன்வோர் அழுதாள், அழுகை ஓய்ந்தது, பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கப் போனாள். ஆனால் தையல் மேசைமேல் பாதி வெட்டிய தோல் கிடந்தது. இர்ப்பாவுக்கென்று வெட்டியது. அகன்ற நெற்றி, குட்டை முகம். கடையில் வாங்கும் எந்தக் கடிவாளமும் அவளுக்குச் சேராது, நெற்றிப்பட்டை காதடியை அறுக்கும். அதற்காகவே ஸ்டெய்ன்வோர் பக்கத்து நகரத்தில் நடந்த தோல்வேலை வகுப்புக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போய் ஊசி பிடிக்கக் கற்றிருந்தாள். ஓட்ஸ் பெட்டி அட்டையில் இர்ப்பாவின் தலைக்கு மாதிரி வெட்டி வைத்திருந்தாள்.

டிசம்பர் முழுக்க அந்தத் தோலைச் சுற்றிச் சுற்றிப் போய்வந்தாள். சனவரியில் தைத்து முடித்துவிட்டாள். நல்ல தோல், வீணாக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். படம் எடுத்துக் குதிரைக்காரர்களின் இணையப் பக்கத்தில் போட்டாள். "தீராகோட் இர்ப்பாவுக்காக வெட்டியது. இர்ப்பா இப்போது இல்லை. வேண்டியவர் கேட்கலாம்."

தீராகோட் என்பது இர்ப்பா பிறந்த பண்ணை, தெற்கே வெகுதூரத்தில். குதிரை எத்தனை கை மாறினாலும் பிறந்த பண்ணையின் பெயர் கூடவே வரும். பத்து நிமிஷத்தில் ஒரு பதில் வந்தது. தெற்கே ஹெல்லா பக்கத்திலிருந்து சால்வோர் என்று ஒருத்தி: "எனக்கு அனுப்பு." அளவு கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே எழுதினாள்: "கச்சிதம். ஒரு துளைகூட மாற்றவில்லை."

அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். பெயர் பொறித்தது வேண்டும், சிவப்பு நூல் வேண்டும், பித்தளைக் கொக்கி வேண்டும். மே மாதத்துக்குள் பதினொரு கடிவாளம் வெளியே போயிருந்தது. ஆறு திரும்பி வந்தது. அளவு சரியாக எழுதாதவர்களுக்கெல்லாம் கையிலிருந்த ஒரே அட்டையை வைத்து வெட்டியிருந்தாள்.

"நெத்திப்பட்டை கண்ணுக்கு மேல ஊஞ்சல் மாதிரி ஆடுது" என்று ஒருத்தன் எழுதியிருந்தான்.

எய்விந்து அந்தக் கடிதத்தைக் காப்பி குடித்துக்கொண்டே இரண்டு தடவை சத்தமாகப் படித்தான். பிறகு, "நீ குதிரைக்குத் தைக்கல. இர்ப்பாவுக்குத் தச்சுட்டு இருக்கே. அவ வந்து வாங்கப் போறதில்ல" என்றான்.

மறுநாள் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு ஆர்ன்கிரிம் வீட்டுக்குப் போனாள். அவனிடம் முப்பத்திரண்டு குதிரைகள். அவள் ஒவ்வொரு தலையாகப் பிடித்து அளந்து நோட்டில் எழுத, அவன் வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான்.

"சவப்பெட்டிக்கா அளவெடுக்கிறே, அம்மாடி?"

"உன் தலையையும் கொண்டா, பாத்துடலாம்."

"என் தலைக்கு உன்கிட்ட தோல் பத்தாது."

முப்பத்திரண்டில் எதற்கும் நெற்றி நாற்பதைத் தாண்டவில்லை. இர்ப்பாவுக்கு நாற்பத்து மூன்று. முகமோ இவை எல்லாவற்றையும்விட ஆறு சென்டிமீட்டர் குட்டை. ஸ்டெய்ன்வோர் வீட்டுக்கு வந்து புதிதாக மூன்று அட்டை வெட்டினாள், சிறிது, நடுத்தரம், பெரிது என்று. அளவு எழுதாதவருக்கு இனி வேலை இல்லை என்று பக்கத்தில் போட்டாள். கடிவாளம் திரும்பி வருவது நின்றது. படிவத்தில் பொலிகுதிரைகளின் பெயர் வருவது நிற்கவில்லை.

பழைய அட்டை அப்போதே குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் சால்வோர் மறுபடியும் எழுதினாள். "இன்னொன்று வேண்டும். முன்பு செய்த அதே அளவு. அட்டையை மாற்றிவிடாதே." தூவா என்னும் அவளுடைய குதிரைக்குத்தான் முதலில் வாங்கினாளாம், இது தூவாவின் மகளுக்கு. சேர்ந்துவிட்டது. இலையுதிர்காலத்தில் மூன்றாவது, தூவாவின் மகனுக்கு. அதுவும் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது கடிவாளத்துக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டெய்ன்வோருக்கு உறைத்தது. முப்பத்திரண்டு தலையில் ஒன்றுக்குக்கூடச் சேராத அளவு, தெற்கே ஒரே தொழுவத்தில் மூன்று தலைக்கு எப்படிச் சேரும்?

ஊசியை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். நாட்டிலுள்ள ஒவ்வொரு குதிரையும் வம்சாவளிப் பதிவேட்டில் இருக்கிறது. தூவாவைத் தேடினாள். சாம்பல் நிறப் பெண்குதிரை, பிறந்த இடம் தீராகோட். தாய் ஹெத்யா, கண்காட்சியில் முதல் பரிசு பெற்ற கறுப்புக் குதிரை. அந்தப் பெயர் ஸ்டெய்ன்வோருக்கே தெரியும். தூவா பிறந்த வசந்தத்தில் இர்ப்பாவும் அதே பண்ணையில்தான் இருந்தாள், நான்கு வயது இளங்குதிரையாக, சேணம் ஏற்றாமல். ஆனால் இர்ப்பாவுக்கும் ஹெத்யாவுக்கும் ஐந்து தலைமுறை பின்னால் போய்ப் பார்த்தாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இர்ப்பாவின் பெயருக்குக் கீழே பிள்ளைகள் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

கணினியை மூடினாள். கொஞ்சநேரம் கழித்துத் திரும்பத் திறந்தாள்.

"என்ன தேடுறே?" என்று எய்விந்து கேட்டான்.

சொன்னாள். அவன் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் நெற்றியைச் சொறிந்தான்.

"அந்த டாக்டர் சொன்னாரே."

"எந்த டாக்டர்?"

"இர்ப்பாவைப் பொலிக்கு விட்டோமே, ரெண்டு கோடை. சினை நிக்கவே இல்ல. சோதிச்சுப் பாத்துட்டு, 'இது ஏற்கனவே ஒரு தடவை ஈன்ற குதிரைதானே'ன்னாரு. இல்லவே இல்லைன்னோம். சரி என்னமோன்னு கையைக் கழுவிட்டுப் போயிட்டாரு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீயும் பக்கத்துலதான் நின்னே. வாலைப் புடிச்சுட்டு இருந்தே."

அவளுக்கு அது நினைவில் இல்லை. வாலைப் பிடித்தது நினைவிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு இது ஒன்றுதான் எண்ணம். இர்ப்பா ஒரு குட்டி போட்டிருந்தாளா? அந்தக் குட்டி உயிரோடு தெற்கே எங்கோ புல் மேய்ந்துகொண்டிருக்கிறதா? மீன் உருண்டை உருட்டும்போதும் இதே கேள்வி, தோல் சீவும்போதும் இதே கேள்வி. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று எய்விந்து கேட்டான். தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சால்வோர் நான்காவதாக ஒரு வால்வார் கேட்டாள், சேணம் முன்னால் சரியாமல் வாலடியில் மாட்டும் வார். "அதுக்கு நேரில் வந்து அளவெடுத்தால்தான் சரியாக வரும்" என்று ஸ்டெய்ன்வோர் எழுதினாள். சுத்தப் பொய். வால்வாரில் கொக்கி இருக்கிறது, எந்தக் குதிரைக்கும் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், இது சால்வோருக்குத் தெரியாமல் இராது. ஆனால் பதில் உடனே வந்தது: "வா."

ஏப்ரலில், நாட்காட்டி கோடையின் முதல் நாள் என்று சொல்லும் நாளுக்குப் பள்ளி விடுமுறை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டெய்ன்வோர் விடியலில் கிளம்பி, ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி, ஹெல்லா போய்ச் சேர்ந்தாள்.

சால்வோருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, ரப்பர் பூட்ஸ், வாசலிலேயே ஆளை அளவெடுக்கும் பார்வை. உள்ளே கூப்பிட்டுப் புகையூட்டிய ஆட்டுக்கறி வைத்த தட்டை ரொட்டியும் காப்பியும் கொடுத்தாள். கேள்வியெல்லாம் அவளே கேட்டாள்.

"உன் இர்ப்பா தண்ணியில இறங்குவாளா?"

"ஆறா இருந்தா இறங்குவா. குட்டைன்னா மாட்டா."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும்? குட்டையைப் பாத்தா பக்கவாட்டுல நடப்பா."

"பல்லு?"

"பல்லுக்கு என்ன?"

"சும்மா கேட்டேன்" என்று சால்வோர் இன்னும் காப்பி ஊற்றினாள். "எத்தனை வயசுல வாங்கினே? யார்கிட்ட? வரும்போது எப்படி இருந்தா, ஆளுங்ககிட்ட ஒட்டுவாளா?"

வால்வார் தைப்பவளிடம் கேட்கிற கேள்வி இல்லை இது. ஆனால் இர்ப்பாவைப் பற்றி யாராவது கேட்டு வெகுநாளாகியிருந்தது. ஸ்டெய்ன்வோர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

தூவா தொழுவத்துக்கு வெளியே மூன்று குதிரைகளோடு நின்றாள். சாம்பல் வெளுத்து வெள்ளையாகிவிட்ட உடல், முதுகில் பனி. பதினெட்டு வயது ஆகப்போகிறது. பார்வைக்கு இர்ப்பா மாதிரி எதுவுமே இல்லை. இர்ப்பா குட்டை, இவள் உயரம். இர்ப்பா புதியவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இவள் நேராக வந்து ஸ்டெய்ன்வோரின் சட்டைப்பையை முகர்ந்தாள். ஸ்டெய்ன்வோருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா ஐந்து மணி நேரம்?

இருந்தும் நாடாவை எடுத்தாள். நெற்றி நாற்பத்து மூன்று. வாயோரம் முதல் வாயோரம் வரை, அதே. மூக்கைச் சுற்றி, அதே. கண்ணின் மூலையிலிருந்து காதடி வரை யாரும் அளப்பதில்லை, அவளும் இதுவரை யாருக்கும் அளந்ததில்லை, இர்ப்பாவைத் தவிர. அளந்தாள். நாடாவை இரண்டாவது தடவை வைத்துப் பார்த்தாள்.

"வால்வாருக்குக் காதை அளக்கணுமா?" என்றாள் சால்வோர்.

ஸ்டெய்ன்வோர் நாடாவைச் சுருட்டினாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது.

"இது ஹெத்யாவோட மகள்னு உனக்கு நிச்சயமா?"

"பதிவேட்டுல போட்டிருக்கு."

"பதிவேட்டைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

சால்வோர் குதிரையின் முதுகில் இருந்த பனியைக் கையால் தட்டினாள். ஸ்டெய்ன்வோர் எல்லாவற்றையும் சொன்னாள், முப்பத்திரண்டு தலைகள், மருத்துவர் சொன்னது, ஐந்து தலைமுறை. மரபணுச் சோதனைக்கு மூக்குத் துவாரத்தில் ஒரு குச்சியால் தடவி எடுத்தால் போதும், இர்ப்பாவின் மரபணு ஏற்கனவே பதிவேட்டில் இருக்கிறது, பொலிக்கு விட்ட வருஷம் எடுத்தது, மூன்று வாரத்தில் தெரிந்துவிடும் என்றாள்.

"எங்கிட்ட இவளோட குட்டிங்க ஆறு இருக்கு. எல்லாம் ஹெத்யாவோட பேரப்பிள்ளைங்க. அதுக்காகத்தான் ஆளுங்க இந்த வாசலுக்கு வர்றாங்க. ஜெர்மனிக்காரி ஒருத்தி ஜூன்ல பிறக்கப் போறதுக்கு இப்பவே பேர் வச்சுட்டா."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பதிவேடு சொல்லும். அது வாயை மூடாது." சால்வோர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "தெரிஞ்சா என்ன பண்ணப் போறே?"

"ஒண்ணும் பண்ணல. தெரிஞ்சுக்கணும்."

"அதுக்குப் பேரு ஆசை இல்லடி. அரிப்பு."

குச்சி வேண்டாம், சோதனை வேண்டாம் என்று முடித்துவிட்டாள். ஆனால் கிளம்பும்போது முதல் கடிவாளத்தை எடுத்துக் கொடுத்தாள். "கன்னவார் ஓரம் பிரியுது. தச்சு அனுப்பு. வால்வாரும் சேத்து." கடையில் துணி மாற்றுவது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டெய்ன்வோர் அந்தக் கடிவாளத்தை மேசையில் விரித்தாள். உச்சிவாரின் கொக்கியில் பிடரிமயிர் சிக்கிச் சுருண்டிருந்தது. வெள்ளை மயிர், ஏழெட்டு இழை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனியில் சின்ன வெண்முடிச்சு. வேரோடு வந்திருந்தது. குச்சி எதற்கு, இதுவே போதும்.

எய்விந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"அனுப்பிடு. அவளுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரியணும்னுதானே அனுப்பறே?"

அவள் ஓர் உறையில் மயிரைப் போட்டாள். சோதனைக்கூடத்தின் முகவரி எழுதினாள். சாப்பாட்டு மேசையில் சர்க்கரைக் கிண்ணத்துக்குச் சாய்வாக நிறுத்தினாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தபோது அது அங்கேயே இருந்தது; எய்விந்து அதைச் சுற்றி மேசையைத் துடைத்திருந்தான். செவ்வாய்க்கிழமையும் இருந்தது. அன்று மதியம் கறிக்குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டாள். அறுபது பிள்ளைகளும் தண்ணீர்க் குவளையோடு வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தெற்கே கூப்பிட்டாள்.

"சால்வோர், உன் கடிவாளத்துல தூவாவோட மயிர் சிக்கியிருக்கு. வேரோட."

மறுமுனையில் ஒரு தண்ணீர்க்குழாய் மூடப்படும் சத்தம்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"பின்ன எதுக்குக் கூப்பிடறே?"

"உன் குதிரை. கேக்காம அனுப்பினா திருட்டு. கேட்டாச்சு. நீ வேணாம்னா ஜன்னலைத் திறந்து விட்டுடறேன், மிச்சத்தைக் காத்து பாத்துக்கும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், சாகுற வரைக்கும் இதை நெனச்சுட்டுத்தான் இருப்பேன்."

"வேணாம்."

எய்விந்து காப்பிக் குவளையைக் கையில் பிடித்தபடி அசையாமல் பார்த்தான். அவள் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு உறையைக் கிழித்தாள், ஜன்னலைத் திறந்தாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. உறையைக் கவிழ்த்தாள்.

"என்ன சத்தம் அது?"

"ஜன்னல்."

"போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"போயிடுச்சா?"

"ஒண்ணு ஜன்னல் சட்டத்துல ஒட்டிட்டு இருக்கு."

"அதையும் தட்டி விடு."

தட்டிவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். சொல்ல இனி ஒன்றுமில்லை, வால்வார் எப்போது வேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"உக்காந்திருக்கியா?" என்றாள் சால்வோர்.

"இல்ல."

"உக்காரு. அந்த வசந்தம் தீராகோட்ல நான் வேலைக்கு இருந்தேன். பதிவு நோட்டுல ஹெத்யான்னு எழுதினது என் கைதான்."

ஸ்டெய்ன்வோர் உட்கார்ந்தாள்.

"மே மாசம், மழையும் பனியும் கலந்து ஊத்திட்டு இருந்தது. காலையில கீழ் மேய்ச்சலுக்குப் போனேன். வாய்க்காலோரம் ஒரு குட்டி செத்துக் கெடந்தது. ஹெத்யா பக்கத்துல ஒரு குட்டி உயிரோட நின்னுது, பால் குடிச்சுட்டு. தள்ளி ஒரு சின்னப் பழுப்புக் குதிரை. ரெண்டுக்கும் பின்னங்கால்ல ரத்தம். அந்தச் சின்னது சினையா இருக்குன்னே யாருக்கும் தெரியாது. முந்தின வருஷம் ஒரே மந்தைல பொலிகுதிரை இருந்திருக்கு, யாரும் கவனிக்கல. குட்டிகிட்ட அந்தப் பழுப்பு போனா ஹெத்யா பல்லைக் காட்டித் துரத்தறா. போனா துரத்தறா. பண்ணைக்காரர்கிட்ட வந்து சொன்னேன். 'ஹெத்யா கூட நின்னா ஹெத்யாவோடது, எழுது'ன்னாரு. எழுதினேன். செத்ததை யாரு எழுதுவா?"

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியாது. எது யாருதுன்னு அந்த ரெண்டு குதிரைக்குத்தான் தெரியும். பண்ணையை வித்தப்ப தூவாவை நான்தான் வாங்கினேன். ஹெத்யா மகள்னுதான் வாங்கினேன். பதினெட்டு வருஷமா நெஞ்சுக்குள்ள ஒரு ஓரமா கெடந்தது. அப்புறம் நீ படம் போட்டே. தீராகோட் இர்ப்பான்னு. வடக்கே போன பழுப்புக் குதிரைக்கு வெட்டின கடிவாளம்."

"அதனாலதான் அளவே கேக்கல."

"பின்ன? நீ மட்டும்தான் அரிப்புப் புடிச்சவளா? வந்ததும் தூவாவுக்கு மாட்டினேன். ஒரு துளை மாத்தல. தொழுவத்துலயே உக்காந்துட்டேன். ஒண்ணு தற்செயலா சேரலாம். அதான் பிள்ளைங்களுக்கும் வாங்கிப் பாத்தேன்."

எய்விந்து வாயசைத்து என்னவென்று கேட்டான். ஸ்டெய்ன்வோர் அவனைக் கையால் அடக்கினாள்.

"இதை நீ எங்கயாவது எழுதினா நான் சொல்லவே இல்லம்பேன்" என்றாள் சால்வோர்.

"எழுத மாட்டேன். எய்விந்துகிட்ட?"

"புருஷனுங்க கணக்குல வர மாட்டாங்க."

ஸ்டெய்ன்வோருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. ஒரு தாளில் முத்திரையோடு வந்திருந்தால் ஆமாம் இல்லை என்று ஒரு சொல்தான் இருந்திருக்கும். இப்போது அதன் பின்னால் ஒரு வாய்க்காலும் மழையும் ஒரு சின்னப் பழுப்புக் குதிரையும் வந்து நின்றன. அவளுக்கு நூறு கேள்வி இருந்தது.

"அந்தப் பழுப்பு, அப்புறம் என்ன பண்ணுச்சு?"

"மூணு நாள் அங்கேயே நின்னுது. நாலாவது நாள் மேயப் போயிடுச்சு."

"மூணு நாளுமா?"

"எண்ணிட்டுத்தானே இருந்தேன். நான்தான் தினம் அந்தப் பக்கம் போகணும்."

"தண்ணி குடிச்சாளா?"

"குடிச்சா."

"பால் கட்டிக்கிட்டிருக்குமே. யாராவது பாத்தீங்களா?"

"நான் கறந்து விட்டேன். முதல் நாள் உதைச்சா. ரெண்டாவது நாள் நின்னா."

"எந்தக் காலால உதைச்சா?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இரு" என்றாள் சால்வோர். "காப்பி ஊத்திட்டு வந்துடறேன். வச்சிடாதே."

"வைக்கல" என்றாள் ஸ்டெய்ன்வோர், கோட்டின் பொத்தான்களை ஒரு கையால் கழற்றிக்கொண்டே.